ஸ்டெல்லாவுக்கு வந்த பரிசுப் பணம்

அந்தப் பரிசுப் பணத்தை அமைப்பாளர் அனுப்பவே இல்லை. நான்தான் போட்டேன். போட்டுவிட்டு, அவர் அனுப்பியதாக என் மனைவியிடம் பொய் சொன்னேன்!

இதில் என்ன பாவம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்...

ஸ்டெல்லா ஒத்தக்கடையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. ஆலயப் பாடகர் குழுவில் பாடுவாள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இணையத்தில் நடத்திய பாட்டுப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. இரண்டாம் பரிசு, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் செல்விக்கு. வாழ்த்து வந்தது, சான்றிதழ் வந்தது. பணம் மட்டும் வரவில்லை.

நான் குமாஸ்தா, கடிதம் எழுதியே வயிறு வளர்ப்பவன். அமைப்பாளருக்குப் பணிந்து எழுதினேன், மிரட்டியும் எழுதினேன். முதலில் ‘அடுத்த வாரம்’ என்றார். பிறகு பதிலே இல்லை.

பணம் போனால் போகட்டும்... அவள் பாடுவதையே நிறுத்திவிட்டாள்! ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, நெசமாவே நான் ஜெயிச்சேனா? இல்ல, சும்மா சொல்லிட்டாங்களா?”

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டை எடுத்து, அந்தப் பணத்தை அவள் கணக்கில் போட்டேன். வங்கி விவகாரமெல்லாம் என் பொறுப்பு. அவள் எதையும் பார்ப்பதில்லை.

“வந்துருச்சா! அம்புட்டுமா!”

அன்று சமையலறையிலிருந்து பாட்டு கேட்டது. நான் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா?

அத்தோடு நின்றிருக்கக் கூடாதா? எங்கள் சபையில் நன்மை பெற்றவர் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவள் பத்தில் ஒரு பங்கை, தசமபாகமாக, உறையில் போட்டுக் காணிக்கைப் பையில் சேர்த்தாள். கர்த்தர் அந்த அமைப்பாளரின் மனதைத் திருப்பினார், பரிசுப் பணம் வந்து சேர்ந்தது என்று கண்கலங்கச் சாட்சி சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நானும் சொன்னேன்!

வீட்டுக்கு வந்ததும் அதையே தன் குரலில் பதிவுசெய்து, நன்றி கூறி, அமைப்பாளருக்கு அனுப்பிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. நன்றி சொல்வதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

அவர் பலே ஆள். வென்றவர்கள் எல்லோரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவைப் போட்டார். பணம் வராதவர்கள் சேர்ந்து புகார் கொடுக்க இருந்தார்கள். முதல் பரிசே வந்துவிட்டதாம், இனி எதற்குப் புகார் என்று கலைந்துபோனார்கள். என் ஸ்டெல்லாவின் குரல் அவருக்கு ரசீதாகிவிட்டது.

பிறகு செல்வி அழைத்தாள். “அண்ணே, அக்காவுக்கு வந்துருச்சுல்ல? எனக்கு மட்டும் வரலண்ணே. நான்தான் அக்கவுண்ட் நம்பரத் தப்பாக் குடுத்துட்டேன் போல. வீட்ல திட்டுறாக. நீங்கதான் எழுதி வாங்கித் தரணும்.”

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை! சொல்லியிருக்க வேண்டும்... அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டபடி ஸ்டெல்லா நின்றாள். சொன்னால் இவளுடைய பாட்டு போகும், சாட்சி பொய்யாகும், என்மீது வைத்த நம்பிக்கை போகும்.

ஸ்டெல்லா என் கையிலிருந்து போனை வாங்கினாள். “செல்வி, நீ அழுகாத. எனக்கு வாங்கிக் குடுத்தவரு ஒனக்கு வாங்கித் தர மாட்டாரா?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களே அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

“வாங்கிருவோம்மா,” என்றேன்.