நீல டப்பாவும் தேயிலைத் தூளும்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மாமா அந்த நீல டப்பாவைத் திறந்தார். நேரம் இத்தனை துல்லியமாக நினைவிருக்கக் காரணம் அம்மா. நான்கு மணிக்குப் பெண்வீட்டார் வருவதாக இருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மணியை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. வயது முப்பத்திரண்டு. உச்சந்தலை மட்டும் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய மலைச்சரிவு மாதிரி இடைவெளி விட்டிருந்தது. இதற்கு முன் இரண்டு இடம் பார்த்தார்கள். முதல் வீட்டார் வயது கூட என்றார்கள். இரண்டாவது வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை. இது மூன்றாவது. கம்போங் ராஜாவில் பூப்பண்ணையில் வேலை செய்யும் பெண். மாப்பிள்ளை வீட்டைத் தானே வந்து பார்த்தபிறகுதான் சரி சொல்வேன் என்றாளாம். லயம் முழுக்க அதே பேச்சு.

முந்தின நாள், தலைக்குப் போடும் ஏதாவது வாங்கிவர மாமா என்னைக் கடைக்கு அனுப்பினார். தானே போகக் கூச்சம். "எனக்குன்னு சொல்லிடாத பாப்பா" என்று மூன்று முறை சொன்னார். எனக்கு ஒன்பது வயது. சீனக் கடைக்கார அம்மா இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் மங்கிய வெள்ளைக் களிம்பு. மற்றதில் கண்ணாடிபோல் மின்னும் நீலப் பசை. மூடியின் மேல் சிரிக்கும் ஓர் ஆண், தலை நிறைய முடி.

"யாருக்கு? முடி பான்யாக்கா, கொஞ்சமா?" என்றாள். பான்யாக் என்றால் மலாயில் நிறைய.

கொஞ்சம் என்றால் மாமா என்று தெரிந்துவிடும். "பான்யாக்" என்றேன். அவள் நீல டப்பாவைத் தள்ளினாள்.

ஈரம்போல் மின்னும் பசை மெல்லிய முடியைத் திரிதிரியாகச் சேர்த்துவிடும், நடுவில் தோல் தெரியும், பளபளப்பில்லாத களிம்பைப் பட்டாணியளவு எடுத்துக் காய்ந்த முடியில் தடவ வேண்டும் என்பதெல்லாம் என் மகன் சொல்லி இப்போதுதான் தெரியும். அவனுக்கு இருபத்து மூன்று வயது. உச்சி தெரிய ஆரம்பித்திருக்கிறது. குளியலறையில் நான்கு டப்பா வைத்திருக்கிறான்.

மாமா பட்டாணியளவு எடுக்கவில்லை. இரண்டு விரலால் வழித்து எடுத்தார். சீவியபின் அவர் தலையில் பத்துப் பதினைந்து கறுப்புக் கோடுகளும், நடுவே விளக்கு வெளிச்சத்தில் மின்னும் மண்டையும் இருந்தன. கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார்.

"மூணு அம்பது" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

கழுவிக் காயவைக்க நேரமில்லை. அந்தக் குளிரில் முடி காய இரவாகிவிடும். அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. தூள் சலிக்கும் பகுதியில் வேலை முடித்து வருகிறவர்கள் தலையில் தேயிலைத் தூசி பஞ்சுபோல் படிந்திருக்கும். யார் தலையும் அடர்த்தியாகத் தெரியும். வேலை நாட்களில் மாமாவே அழகாகத்தான் இருப்பார்.

"பாப்பா, அந்தத் தூள் டின்ன எடு. மாவு சல்லடையும் கொண்டா."

நான் சலித்தேன். அவர் குனிந்து நின்றார். ஈரப் பசையில் தூள் அப்படியே ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுதான் சொல்லலாம்.

"எப்படி? துரை மாதிரி இல்ல?"

இருந்தது. அதை இன்றும் சொல்வேன்.

பெண்ணின் அப்பா, அம்மா, அண்ணன், எங்கள் சபைப் போதகர் எல்லோரும் நான்கேகாலுக்கு வந்தார்கள். பெண் வரவில்லை. பண்ணையில் அரைநாள் வேலை முடித்துப் புறப்பட்டவள், வழியில் கியா பார்ம் பக்கம் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். பேச்சு நன்றாகவே போனது. அவள் வருமுன் ஒரு ஜெபம் செய்துவிடலாம் என்றார் போதகர். மாமா முழங்காலிட்டார். போதகர் வழக்கப்படி தம் வலது கையை அவர் தலையில் வைத்தார். அந்த வழக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று ஒருவருக்கும் நினைவில்லை.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், என்னைத் தவிர. ஜெபம் நீளமானது. கைச்சூட்டில் பசை இளகியது. முதலில் காதோரம் ஒரு பழுப்புக் கோடு. பிறகு நெற்றியில் ஒன்று. அது மூக்கு வழியாக இறங்கி வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அறை முழுக்கத் தேயிலை வாசனை. இன்றும் யாராவது தலையில் கைவைத்து ஜெபித்தால் என்னால் கண்ணை மூட முடிவதில்லை. நேர்காணல் நாளில் என் மகன் குளியலறைக் கதவைத் திறக்கத் தாமதமானால் வெளியே நின்று மோந்து பார்க்கிறேன்.

ஆமென் என்று கையை எடுத்த போதகர் உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஐயோ, ரத்தமா?" என்றார் பெண்ணின் அம்மா.

"இல்லம்மா," அண்ணன்காரன் முகர்ந்தான். "டீ லா. பால் மட்டும்தான் இல்ல."

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். பெண்ணின் அம்மா பையை எடுத்துக்கொண்டார்.

"தலையில மறைச்சவரு இன்னும் என்னென்ன மறைச்சாரோ. வாங்க போலாம்."

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா, ஒளிச்சு வைக்கிற ஆள் இல்ல எந்தம்பி" என்று அம்மா வாசலை மறித்து நின்றாள். இதற்கு முன் அவள் யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

நான் பின்பக்கம் ஓடினேன். மாமா தண்ணீர்த் தொட்டியருகே குந்தியிருந்தார். சட்டையில்லை. நான் செம்பில் மொண்டு ஊற்றினேன். பழுப்புத் தண்ணீர் சாக்கடையில் ஓடியது. அவர் உடம்பு நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். "நான்தான் அந்த டப்பாவ..." என்று ஆரம்பித்தேன். "ஊத்து" என்றார்.

லயத்துக்குப் பின்னாலுள்ள குறுக்குப் பாதையில் ஒரு பெண் ஏறிவந்தாள். கையில் கழற்றிய செருப்பு, காலெல்லாம் சேறு. நெரிசலில் வண்டியைவிட்டு இறங்கி நடந்தே வந்திருந்தாள். ஜெபமும் தெரியாது, நடந்ததும் தெரியாது. தொட்டியருகே நின்று, சாக்கடையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். மாமாவின் தலையைப் பார்த்தாள். அது அப்போது உள்ளபடியே இருந்தது. மாமா நிமிரவில்லை.

அவள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் கை நீட்டினாள்.

"செம்ப இப்படிக் குடு பாப்பா. காதுக்குப் பின்னால இன்னும் இருக்கு."

நான் சரியாகக் கழுவவில்லை என்று குறை சொல்கிறாள் என்றே நினைத்தேன்.