ஒன்பதாம் நாள் வந்த இலவச உதவி

என் பெயர் ஸ்டெல்லா. ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்தில் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன், தொழிற்சாலையில் வேலை. சென்ற தவக்காலத்தில் நான் பட்ட பயத்தை இன்னும் மறக்கவில்லை.

மோட்டார் விபத்தில் கணவருக்குக் கால் முறிந்து ஆறு மாதம் வேலையில்லை. வீட்டுச் செலவை இரண்டு கிரெடிட் கார்டில் ஓட்டினேன். இரண்டாவது கார்டு அவருக்குத் தெரியாது. பதினெட்டாயிரம் வெள்ளி கடன் ஏறிவிட்டது. வங்கியிலிருந்து போன் வந்தால் குளியலறைக்குள் போய்ப் பேசுவேன்.

அன்னை மரியாவுக்கு ஒன்பது நாள் நவநாள் செபித்தேன். கடைசி நாள் செபமாலையைக் கீழே வைப்பதற்குள் வாட்சாப்பில் ஒரு செய்தி: கிரெடிட் கார்டு கடனை இலவசமாகத் தீர்த்துத் தருகிறோம். அழுதே விட்டேன். வேறு நாளில் வந்திருந்தால் அழித்திருப்பேன். ஒன்பதாம் நாள் வந்ததால் அன்னையின் பதில் என்றே நம்பினேன். மடச்சி நான்.

போனில் பேசியவன் உருகினான். "கட்டணமே இல்லக்கா. உங்க சம்பள பேங்க் கார்டும் பின் நம்பரும் குடுத்தா போதும், நாங்க பேசி முடிச்சிருவோம். வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க, காரியம் கெட்டுரும்." சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆள் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிப்போம். முடிவில், பெற்ற நன்மைக்கு எழுந்து நன்றி சொல்வது வழக்கம். சொல்லாவிட்டால் அன்னைக்குக் குறை வைத்ததாகுமே என்று எனக்குப் பயம். எழுந்து, கணவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "எனக்குக் கார்டு கடன் நிறைய இருக்கு. ஒருத்தவங்க இலவசமா தீர்க்கப் போறாங்க."

எல்லோரும் ஆமென் என்றார்கள். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ரோஸி அக்கா மட்டும், "இலவசம்னா சரிலா. உங்கிட்ட என்ன கேட்டாங்க?" என்றார். சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது.

"சம்பளத்த எடுத்துருவாங்கம்மா. அதோட, ஊர ஏமாத்துன காச உன் கணக்குலதான் போட்டு எடுப்பாங்க. போலீஸ் உன்னத் தேடித்தான் வரும்."

அதற்குள் கீழே ஹார்ன் சத்தம். போன் அடித்தது. "கார்டு குடுக்க மாட்டேன்" என்றேன். அக்கா அக்கா என்று உருகிய அதே குரல், "உன் வீடு எனக்குத் தெரியும்" என்றது. கைபேசி நழுவி விழுந்தது. அதை எடுத்தவர் என் கணவர். "மேல வாடா, பதினோரு பேர் இருக்கோம். போலீசும் வந்துட்டு இருக்கு" என்றார். கார் கிளம்பிப் போய்விட்டது. என்னை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

போலீசில் புகார் கொடுத்தோம். திங்கட்கிழமை ரோஸி அக்கா எங்களை ஜார்ஜ் டவுனில் கடன் ஆலோசனை தரும் அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அதுவும் இலவசம்தான். அங்கே கேட்டது சம்பளச் சீட்டும் வங்கிக் கடிதங்களும் மட்டுமே. கடன் குறையவில்லை. என் சம்பளத்துக்கு ஏற்ற தவணையாக நான்கு ஆண்டு கட்ட வேண்டும்.

இன்னும் தெரியாத எண்ணைப் பார்த்தால் பயம்தான். ஆனால் குளியலறைக்குப் போவதில்லை. இப்போது கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுகிறேன். அன்னை எனக்குப் பெற்றுத் தந்த வரம் இதுதான்.

கடனில் தவிப்பவர்களே, நம்பிச் செபியுங்கள். உதவி என்று யார் வந்தாலும், அவர்கள் கேட்பதை உங்கள் வீட்டாரிடம் உரக்கச் சொல்லுங்கள். சொல்லாதே என்று தடுக்கிற உதவி ஆண்டவரிடமிருந்து வருவதில்லை.