திவோலியில் மோட்டார் இல்லை

இன்று பே ஏரியாவில், பிளசன்டனில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் நஞ்சுண்டன் அங்கிளைப் பார்த்தேன்! கோயம்புத்தூரில் பம்ப்செட் இன்ஜினியராக இருந்து இங்கே வந்தவர். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வார் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். நான் என்ன சொன்னாலும், "ஆமாங்கண்ணு, நீ சொல்றது சரிதான்" என்றார். காரணத்தை அவர் மனைவி வசந்தாமணி ஆன்ட்டிதான் சமையலறையில் சொன்னார். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.

அவர்களுடைய ஒரே மகன் சபரி. காலேஜில் தோட்ட வடிவமைப்பு படித்தான். இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் திவோலி என்ற ஊரில் நானூறு வருடத்துக்கும் மேல் பழைய தோட்டம் இருக்கிறது, மலைச்சரிவு முழுக்க நீரூற்றுகள், மோட்டாரே கிடையாது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறான்.

"அத்தனை ஊத்துக்கு பிரஷர் பத்தாதுடா. எங்கயாச்சும் மோட்டார ஒளிச்சு வெச்சிருப்பான்."

"நோ பா. ஜஸ்ட் கிராவிட்டி. கம் வித் மீ, ஐ வில் ஷோ யூ."

"எனக்கே தண்ணியப் பத்தி கிளாஸ் எடுக்கறியா?"

"யூ ஜஸ்ட் ஹேட் லூசிங், அப்பா!"

கோடையில் சேர்ந்து போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது. ஆனால் தொண்ணூற்றெட்டு பிப்ரவரி மழையில், ஃப்ரீவேயில் கார் சறுக்கி சபரி போய்விட்டான்.

போன வருடம் இவர்கள் இருவர் மட்டும் போனார்கள். டூர் பஸ்ஸில் வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அங்கிள் சுவர் சுவராகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு போனாராம். தோட்டக்காரரிடம் கையைச் சுழற்றிக் காட்டி, "மோட்டார்? மோட்டார்?" என்றாராம். அவர் சிரித்துவிட்டு, மேலே ஆறு இருக்கும் பக்கம் கைகாட்டினார். அங்கிள் மேலே ஏறிப் போனார். தண்ணீர் தோட்டத்துக்குள் வரும் இடத்தில் குனிந்து வெகுநேரம் நின்றார்.

"ஏனுங்க, பஸ் கெளம்பீருமுங்க."

"மோட்டார் இல்ல வசந்தா. அவஞ் சொன்னதுதான் சரி." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவங்கிட்ட ஒத்துக்கோணுமல்ல? இப்ப எப்படி ஒத்துக்கறது?"

அன்றிலிருந்து யார் பேச்சையும் அவர் மறுப்பதில்லை.

"கொழம்புல உப்புக் கம்மின்னு ஒரு மணி நேரம் சண்டை போட்ட மனுசன் கண்ணு. இப்ப உப்பே போடலீன்னாலும் சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போறாரு" என்றார் ஆன்ட்டி. வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் ஆன்ட்டியால் இருக்கவே முடியவில்லையாம்.

பே ஏரியாவில் இருப்பவர்களே, ப்ளீஸ், ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போங்கள். துக்கம் விசாரிக்க வேண்டாம். எதையாவது அடித்துச் சொல்லுங்கள், தப்பாகவே சொல்லுங்கள். அங்கிள் ஒரு தடவையாவது "இல்ல" என்று சொல்லும் வரைக்கும் இருந்துவிட்டு வாருங்கள்.