கோலா தெர்லா ஓடையில் அவிழ்த்த முடிச்சு

போன ஞாயிற்றுக்கிழமை கோலா தெர்லாவுக்குப் போய்வந்தேன். ஓடையைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று வகுப்புத் தோழி கவிதா கூப்பிட்டிருந்தாள். வீட்டில் டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அதனால்தான் எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் கைப்பேசியில் தட்டுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கம்போங் ராஜாவுக்கு மேலே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து டவுனுக்கு இறக்கத்தில் நாற்பது நிமிட நடை. அங்கிருந்து காய்கறி வேனில் மூன்று வெள்ளி கட்டணம். எட்டரைக்கு இறங்கியபோதும் பனி விலகவில்லை. ஸ்வெட்டர் கட்டாயம்.

இப்போதெல்லாம் மழை காலம் பார்த்து வருவதில்லை. வந்தால் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. காய்கறித் தோட்டக் கூரைகளிலிருந்து கழற்றி எறிந்த பிளாஸ்டிக் பாலத்தடியில் அடைத்துக்கொள்வதால் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறுகிறது. கவிதா வீட்டுச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மழையை நிறுத்த முடியாது, அதன் வழியையாவது திறந்து வைப்போம் என்று அங்குள்ளவர்களே ஓடையில் இறங்குகிறார்கள். கரை சரியாமலிருக்க வெட்டிவேரும் நடுகிறார்கள்.

பாலத்தடியில் சுருட்டிய பிளாஸ்டிக் மூட்டைகள் கிடந்தன. டயர் டியூபை வார் வாராக வெட்டிக் கட்டியிருந்தார்கள். கவிதாவின் அம்மா செல்வி ஆண்ட்டி கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பாவி கட்டுனானோ, அறுக்கவே முடியலலா!"

நான் குனிந்து நுனியை உள்ளே தள்ளி ஓர் இழு இழுத்தேன். அவிழ்ந்தது. அடுத்ததும் அப்படியே.

"அடியே, எங்கடி கத்துக்கிட்ட?" என்றாள் கவிதா. "கிளாஸ்ல சப்பாத்துக் கயிறே ஒழுங்கா கட்டத் தெரியாது இவளுக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது அப்பாவின் முடிச்சு. சின்ன வயதில் லோரியின் பின்னால் உட்கார்ந்து நானும் போட்டுப் பழகியது. அப்பா ஒரு தவுக்கே முதலாளியிடம் காய்கறி லோரி ஓட்டுகிறார். தோட்டத்திலிருந்து ஏற்றிப்போகும் பழைய பிளாஸ்டிக்கை எங்கே கொட்டுகிறார் என்று நான் கேட்டதே இல்லை.

தேநீர் குடிக்கும்போது செல்வி ஆண்ட்டி சொன்னார்: "வெள்ளிக்கிழம விடியக்காலையிலதான் கொட்டுறானுங்க. இந்த வாரம் நாலு பேரு மறைஞ்சி நிக்கப் போறோம். லோரி நம்பரோட படம் புடிச்சி போலீஸ்ல குடுத்துருவோம்."

மீதித் தேநீரை வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு அவர்களே தருகிறார்கள். போகவர ஆறு வெள்ளி போதும். பிற்பகல் இரண்டுக்குள் கிளம்பிவிடுங்கள், பிறகு மழை பிடித்துக்கொள்ளும்.

இன்று புதன். மூன்று நாளாக அப்பாவிடம் சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன். கொட்ட மாட்டேன் என்று தவுக்கேயிடம் அப்பா சொன்னால் அவருக்கு வேலை போகும். கொட்டப் போனால் பாலத்தில் ஆள் நிற்கும். யாரும் நிற்காவிட்டாலும் கவிதா வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்.

நாளைக் காலை ஐந்தரைக்கு அப்பா லோரியைச் சூடேற்றுவார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் சொல்லப் போகிறேன். அதன் பிறகுதான் இதைப் பதிவேற்றுவேன்.