எண்பத்து நான்காவது தொடர்பு

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. வருடத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் லிஃப்டெல்லாம் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, கார் கூரையில் ஆளுயரக் கம்பியை நட்டுக்கொண்டு வானொலிப் போட்டிக்குக் கிளம்பிவிடுவார். வண்டியில் போய்க்கொண்டே, சொந்த ரேடியோவில் பேசி, கடல் தாண்டி எத்தனை பேரைப் பிடிக்கிறோம் என்பதுதான் போட்டி. அரட்டை கிடையாது. சிக்னல் எப்படிக் கேட்கிறது, இது எனக்கு எத்தனையாவது தொடர்பு என்று இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட வேண்டும். பக்கத்து இருக்கையில் மனைவி நோட்டில் எழுதிக்கொண்டே வருவாள்.

அவருடைய அண்ணனும் வருடாவருடம் போட்டியில் குரலாக வருவார், வேறொரு கண்டத்திலிருந்து. ஆறு வருடத்துக்கு முன் அவர் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போனபோது தம்பி வழியனுப்பப் போகவில்லை. அதிலிருந்து போன் கிடையாது; நம்பரும் மாறிவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டு எண்கள்தான். சண்டை என்றும் சொல்ல முடியாது, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது மாதிரி பழகிவிட்டது.

இந்த வருடமும் மத்தியானம் அண்ணன் அகப்பட்டார். எண்களைச் சொன்னார். கூடவே, "டேய், அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நன்றி, அடுத்து யார்?" என்றது இவர் வாய். இருபது வருடப் பழக்கம். நாலைந்து பேர் முண்டியடித்துக்கொண்டு கத்தினார்கள். அந்தக் கூச்சலில் அண்ணன் காணாமல் போனார்.

மனைவி எழுதுவதை நிறுத்தினாள். "ஏங்க, அவர் என்னவோ சொல்ல வந்தாரே?"

"ம்."

"என்ன ம்? இடிச்ச புளி மாதிரி உக்காந்திருந்தா எப்படி? மறுபடி கூப்பிடுங்க."

"ஒரே மாவட்டத்துல இருந்து ஒருத்தரை ரெண்டு தடவ பிடிச்சா செல்லாது. செல்லாததுக்கு அவர் பதில் சொல்ல மாட்டார்."

"அண்ணனும் தம்பியும் நல்லா வந்து வாய்ச்சீங்க! அப்ப அடுத்த மாவட்டத்துக்கு வண்டிய விடுங்க."

நாற்பது கிலோமீட்டர். பயமா, வருத்தமா என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஸ்டியரிங்கில் இருப்பது தன் கைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மாவட்ட எல்லையைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திக் கூப்பிட்டார். வெறும் இரைச்சல். ஐந்தாவது தடவை, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அண்ணன் குரல். எண்களைச் சொல்லிக்கொண்டார்கள். இந்தத் தடவை இவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மாவுக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியலடா. உன் குரலைக் கேட்டா ஒருவேளை தெரியுமோன்னு பக்கத்துலயே உக்கார வச்சிருக்கேன். சீக்கிரம் பேசு, சிக்னல் போயிட்டிருக்கு."

மைக்கின் பொத்தானை அழுத்தினார். "அம்மா, நான் சின்னவன் பேசுறேன். சாப்பிட்டியா?" என்றார்.

இரைச்சல். பிறகு மெலிந்த குரல் ஒன்று, அண்ணனிடம் சொன்னது: "யாரோ நம்மாளு போல இருக்கு. எங்க இருந்து பேசறார்னு கேளு, பாவம்."

அண்ணன் ஏதோ சொன்னார். அது இரைச்சலில் முழுகிவிட்டது.

மனைவி பேனாவை நோட்டில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இதையும் எழுதவா?"

"எழுது. எண்பத்தி நாலு."

பிறகு பொத்தானை அழுத்தி, தான் நிற்கும் ஊரின் பெயரைச் சொன்னார். பதில் இல்லை. மறுபடி சொன்னார், இந்தத் தடவை நிதானமாக, எழுத்தெழுத்தாக.