சாயம் ஏறிய கையில் நரம்பு தேடுவது

வீரபாண்டிப் பக்கமிருந்து வரும் சாயப்பட்டறை ஆட்களின் கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டுவரை நீலமோ கறுப்போ ஏறியிருக்கும். குளுக்கோஸ் ஏற்ற மற்ற நர்ஸ்கள் திணறும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கண்ணால் தேட மாட்டேன், விரல் நுனியால் தேடுவேன். ஒரே குத்து. சாயப்பட்டறையில் ஈரத்துணி பிரிக்கும் என் அம்மாவின் கையில் பழகிய விரல் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். படிப்பைவிட அந்த விரலைப் பற்றித்தான் எனக்குக் கர்வம்.

இந்த வருடம் எங்கள் வார்டில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாற்று ஆள் வரவில்லை. ஒரு ட்யூட்டி முடிந்த கையோடு அடுத்த ட்யூட்டி. அப்படியொரு நாளில் ஒரு நோயாளியின் கையில் என் ஊசி தவறியது. மறுபடியும் தவறியது.

"ஏனுங்க சிஸ்டர், ஊசி போடறீங்களா, ஓவர்லாக் மிஷின்ல துணி அடிக்கறீங்களா?" என்றார் அவர்.

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு என் விரலுக்கு எதுவும் சரியாகத் தட்டுப்படவில்லை.

மன அழுத்தம் குறைய நிர்வாகம் ஒரு வகுப்பு வைத்தது. கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, 'என்னால் முடியும்' என்று சொல்ல வேண்டும். வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்கும் சேர்த்து அன்று சாயங்காலம் வேலை பார்த்தோம். ஆனாலும் ஊசி எடுக்கும்போதெல்லாம் அதைச் சொன்னேன்.

அப்புறம் அம்மாவே வந்து படுத்தாள், வாந்தியும் பேதியுமாக. என்னோடு வேலை பார்க்கும் தோழி ஊசியை எடுத்ததும் அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க சிஸ்டர். என்ற புள்ள வரட்டும். அவ ஒரே குத்துல போட்டுருவா."

'என்னால் முடியும்' என்று சொல்லிக்கொண்டே தொட்டேன். உடம்பில் நீர் வற்றினால் நரம்பு சுருங்கிவிடும், யாருக்கும் சிரமம்தான். தெரியும். ஆனால் அது என் அம்மாவின் கை. குத்தினேன். நரம்பு தவறி அந்த இடம் வீங்கிக்கொண்டது.

"வலிக்கலை கண்ணு. இன்னொருக்கா போடு."

அதுவும் வீங்கியது. குத்திய இடத்தில் பஞ்சை ஒட்டி, ஊசியைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். அவள் மறுகையில் போட்டாள். ஏறியது.

அப்போதுதான் கண் விழித்த பக்கத்துக் கட்டில்காரி, "உங்க புள்ளயே போட்டுச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க, என்ற புள்ளதான்" என்றாள் அம்மா, பஞ்சு ஒட்டிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டே.

எதிர்க் கட்டிலிலிருந்து யாரோ "சிஸ்டர்" என்றார்கள். நீட்டிய கை முழுக்க நீலம்.

"நீ போய்ப் போடு" என்றேன் தோழியிடம்.