தீர்த்தப் பாதை உபயம்: கமலநாதன்

மூவார் பட்டணத்துக்கு வெளியே உள்ள மாரியம்மன் கோவிலில், கடலுக்கு இறங்கும் இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். ‘தீர்த்தப் பாதை உபயம்: கமலநாதன்’ என்று அதில் வெட்டியிருக்கிறது.

கமலநாதன் மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறவர். மாசி மகத்தன்று அம்மனைக் கடலில் நீராட்டத் தூக்கிப்போகச் சேறும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களும் வழிவிடவில்லை என்று நிர்வாகத்தினர் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் புலம்பினார்கள். இரண்டே நாளில் கரை மரங்கள் அத்தனையையும் வேரோடு வழித்தெடுத்தார். கூலிகூட வாங்கவில்லை, அதுதான் கொடுமை.

மரமில்லாத கரையை அலை வருடாவருடம் தின்றது. இப்போது கடல் பெரிதாக ஏறும்போது தண்ணீர் அவர் பெயரை மூழ்கடித்துக் கொடிமரம் வரை வருகிறது.

போன மாதம் உளியும் சுத்தியலுமாகக் கல்லின் முன் உட்கார்ந்தார். கோவில் தலைவர் செல்லப்பன் ஓடிவந்தார்.

“உலகம் பூரா கடல் ஏறுது லா. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“பக்கத்துல மலாய்க்காரங்க ஊரை, அந்தக் கம்பத்தைப் பாருங்க. அங்கேயும் இதே கடல்தான். அவங்க மரத்தை வெட்டல, கரை அப்படியே நிக்குது.”

“சரி, பேரை எடுத்துட்டா தண்ணி இறங்கிருமா?”

கமலநாதன் உளியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

இந்த மாசி மகத்துக்கு அம்மனை எங்கும் தூக்கிப்போக வேண்டியிருக்கவில்லை. கோவில் வாசலிலேயே முழங்கால் தண்ணீர். பாதை போட்ட உபயகாரர் என்று, கமலநாதனை அந்தத் தண்ணீரில் நிற்கவைத்து முதல் மாலையை அவருக்குத்தான் போட்டார்கள்.